குழாய் குடித்த தண்ணீர்

தெப்பத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். ஒன்பது மணிக்கு நின்றுவிடும். நின்ற சற்று நேரத்தில், திறந்து கிடக்கும் குழாய்கள் உள்ளுக்குள் ஒரு மூச்சு இழுக்கும். தாகத்தோடு கிடந்த பிள்ளை ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சினால் எப்படிக் கேட்குமோ, அப்படி. தெருக்காரர்களுக்கு அது பழகிப்போன சத்தம். மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை.

அவர் தென்காசித் தண்ணீர் ஆபீசில் வால்வுக்காரராக இருந்தவர். போன ஐப்பசியில் காலமானார். செத்துப்போனவரைப் பற்றி எழுத நான் யார் என்று கேட்டால், அவரோடு ஆறு வருஷம் தெருத் தெருவாகத் தண்ணீர் பார்த்தவன் என்பதுதான் பதில். இந்தக் கதையின் முன்பாதி நான் பார்த்ததல்ல. அவர் வாயால் கேட்டது. பின்பாதிக்கு நானும் ஒரு காரணம்.

அவருக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். தென்காசியில் குழாய் பதிக்க மண் வெட்டிய காலத்தில் கூலிக்கு வந்தவர், குழாயோடு குழாயாகத் தங்கிவிட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார். அதைத் தெருமுக்கு வால்வுக்குழிக்குள் விட்டுத் திருகினால் தண்ணீர் வரும். எதிர்ப்பக்கம் திருகினால் நிற்கும். சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு விடியக் காலம் அவர் நடந்து வந்தால், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒரு நாள் பத்து நிமிஷம் பிந்தினால், "மாடக்கண்ணு, உன் பொண்டாட்டி இன்னும் எழுப்பிவிடலையோ?" என்று தெருவே கேட்கும். அவர் சிரித்துக்கொண்டு போவார். அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது என்று அவர் மனைவி மாடத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தெப்பத்தெருவின் மேட்டுக்கடைசியில் இருந்தது வல்லிநாயகம் பிள்ளையின் வீடு. கோயிலில் அவர்கள் குடும்பத்துக்குக் காலைப் பூசைக் கட்டளை உண்டு. பிள்ளையின் அக்காள் நாச்சியார். ஐம்பது வயதுகூட இராது. ஊர் மரியாதைக்கு ஆச்சி. இளவயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். தம்பி மனைவி பிரசவத்தில் போய்விட, அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தார். பெயர் இராமலட்சுமி. ஐம்பத்தேழாம் வருஷம் அவளுக்கு ஒன்பது வயது.

வீட்டுக்குக் குழாய் வந்து மூன்று வருஷமாகியும் நாச்சியார் ஆச்சி அதில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குழாய்க்குள் தோல் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாட்டுத் தோலில் பட்ட தண்ணீரைப் பூசைக்கு வைப்பதா, அடுப்பில் ஏற்றுவதா? கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். அந்த வருஷம் சித்திரையில் கிணறு வற்றியது. வைகாசியில் அடிமண் தெரிந்தது. ஆச்சி குடத்தை எடுத்துக்கொண்டு சிற்றாற்றுக்கு நடந்தார். ஒரு நாள் ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. மறுநாளும் நொண்டிக்கொண்டே நடந்தார். எதிரே சாவியோடு வந்த மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்று சாயந்தரமே பிள்ளை வீட்டுக்குப் போய் நின்றார்.

அங்கே நடந்த பேச்சை அவர் எனக்கு வரிக்கு வரி சொன்னார். எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பாரோ.

"ஏ மாடக்கண்ணு, குழாய்க்குள்ள தோல் இருக்குன்னு சொல்லுதாவளே, நெசமா?"

"நெசந்தான் ஆச்சி. வட்டமா ஒரு துண்டு. அது இல்லன்னா ஒழுகும்."

"அதை எடுத்துட்டு வேற ஏதாச்சும் வச்சித் தரமுடியாதா?"

தக்கையில் வட்டம் வெட்டிப் போடலாம் என்றார் அவர். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மாடக்கண்ணு அண்ணாச்சி கேட்காததற்கும் உண்மை சொல்லுகிற ஆள்.

"இங்கன மாத்துனா மட்டும் பத்தாது ஆச்சி. தெருமுக்கு வால்வுத் தண்டைச் சுத்தியும் தோல்தான் அடைச்சிருக்கு. அதைத் தொட்டுத்தான் உங்க வீட்டுக்கு வருது."

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பிள்ளை சிரித்தார். "ஏலே, உன்னை இப்ப யாரு அதைக் கேட்டா? அக்கா, நம்ம வயலுக்கு மாடு கட்டி இறைக்கிற கமலைத் தோல் வழியாத்தான் தண்ணி பாயுது. அந்த நெல்லைத்தான் மூணு வேளையும் திங்கோம்."

"நெல்லு வெயில்ல காயுது தம்பி. தண்ணியை எந்த வெயில்ல காய வைக்க?" என்றார் ஆச்சி.

ஆச்சி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். வசம்பு வாசனையோடு ஒரு அரக்குக் கூறைப்புடவையை எடுத்துவந்தார். அவர் ஒரே ஒரு நாள் உடுத்திய புடவை. முந்தானைக் கரையோடு ஒரு முழ அகலத்துக்குக் கிழித்து, அண்ணாச்சி கையில் படாமல் மேலே இருந்து போட்டார். பட்டுக்குத் தீட்டு கிடையாது, இதைச் சுற்று என்றார்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டுக் குழாய்க்குத் தக்கை வட்டம் போட்டுவிட்டு, வால்வுக்குழியில் இறங்கித் தோலை உருவினார். பட்டைக் கயிறாக முறுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, தண்டைச் சுற்றி இறுக்கி அடைத்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் குழிக்குள்ளேயே குந்தியிருந்து பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை. தான் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை என்று அன்றைக்கு நினைத்தாராம்.

ஆச்சி குழாய்க்குப் பூ வைத்து, விளக்குக் காட்டி, ஒரு செம்பு பிடித்துக் குடித்தார். இராமலட்சுமி செம்புக்கெல்லாம் காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குழாய்க்கடியில் வைத்து, விக்கல் வரும்வரை குடித்தாள். ஆற்றுத் தண்ணீரைவிட இனிக்கிறது என்றாள். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அப்படித்தான் குடிப்பாள்.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. குற்றாலத்தில் அருவி கொட்ட ஆரம்பித்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டம் வந்து இறங்கியது. தென்காசித் தெருக்களில் ஈரம் காயவில்லை. தெப்பத்தெருச் சாக்கடை பொங்கி, பக்கத்திலிருந்த வால்வுக்குழிக்குள் வழிந்து நிறைந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படி நிறைவதுதான். சாவிதான் மேலே இருந்தபடியே எட்டுமே, யார் குழிக்குள் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆடி முதல் வாரம் வல்லிநாயகம் பிள்ளை மகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். இருட்டுகிற வரைக்கும் அருவியில் நின்று, ஈரத்தலையோடு வந்தாள். நாச்சியார் ஆச்சி தம்பியைக் கடிந்துகொண்டார். மூன்றாம் நாள் காலை இராமலட்சுமிக்கு வாந்தியும் பேதியும் கண்டது.

தெருவில் ஒன்பது பேர் படுத்தார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. மற்ற இருவரும் வயதானவர்கள்.

வாந்திபேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது அந்தக் கால நினைப்பு. என் சொந்த ஊரான ராயகிரியிலும் அப்படித்தான். கொடுக்க வேண்டியதே தண்ணீர்தான், காய்ச்சி ஆறவைத்து உப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர் நாக்கு வறண்டு போயிருந்தார்கள்.

அன்று ஒன்பது மணிக்கு வால்வை மூடிவிட்டு, இராமலட்சுமிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க அண்ணாச்சி கொல்லை வழியாகப் போயிருக்கிறார். உள்ளே இருந்து குரல் கேட்டது.

"அத்தை, தண்ணி. ஒரே ஒரு மடக்கு."

"பேதி நிக்கட்டும்ட்டி என் கண்ணு. நின்னதும் செம்பு நிறையத் தாரேன்."

ஆச்சி ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்திருக்கிறார். பிள்ளை அந்தத் துணியைப் பல்லால் பிடித்துக்கொண்டு உறிஞ்சினாள். வெளியே நின்றவர் காதில் அது விழுந்தது. அதே நேரம், கொல்லையில் திறந்து கிடந்த குழாயும் மூச்சை இழுத்தது. இரண்டும் ஒரே சத்தம். எது எது என்று பிரிக்க முடியவில்லை என்றார் அவர். கையில் இருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினாராம். சாயந்தரம் பிள்ளை போய்விட்டது.

மேலே இருந்து அதிகாரிகள் வந்து தொட்டியில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். தொட்டியில் குறை இல்லை. குற்றாலத்துக் கூட்டம் கொண்டுவந்த நோய் என்று ஊர் சொன்னது. ஊசி போட்டார்கள், கிணறுகளில் பவுடர் கொட்டினார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் அந்த உறிஞ்சல் காதைவிட்டுப் போகவில்லை. குழாய் எதையோ குடிக்கிறது. எதைக் குடிக்கிறது?

மூன்றாம் நாள் அவர் வாளியால் குழியை இறைத்துவிட்டு இறங்கினார். வால்வுக் கழுத்துவரை சாக்கடைத் தண்ணீர் நின்றிருந்தது. தண்டைச் சுற்றியிருந்த பட்டு கரைந்து கறுப்புக் கூழாகக் கையோடு வந்தது. தண்ணீர் ஓடுகிற மூன்று மணி நேரமும் குழாய் வெளியே கசியவிட்டிருக்கிறது. தண்ணீர் நின்றதும் அதே ஓட்டை வழியே சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது. மறுநாள் ஆறு மணிக்கு முதல் தண்ணீராக அது வீடுகளுக்குப் போயிருக்கிறது. சரிகைக் கரை மட்டும் அழுகாமல் நூல் நூலாக நின்றது. அதைக் கழுவி மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக்கொண்டார். வால்வுக்குப் பழையபடி தோலைச் சுற்றினார். மேலேறி வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அது முதல் மாதத்துப் பயம். பிறகு வந்தது வேறு. சொன்னால், உன் பட்டுதான் உன் பிள்ளையைக் கொண்டுபோனது என்று ஆச்சியிடம் சொல்லவேண்டும். நீ இப்போது குடிப்பது தோல் பட்ட தண்ணீர் என்றும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால்? அதற்கும் ஒருவர் அந்த வீட்டில் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். அருவிக்குக் கூட்டிப் போய்ப் பிள்ளையைத் தின்றவன் என்று ஆச்சி தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே கூரைக்கடியில் ஐந்து வருஷம். சோறு போடுவார், சொல் போடமாட்டார். பிள்ளையும் அதை ஒத்துக்கொண்டார். குற்றாலம் என்ற பேச்சு வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

அண்ணாச்சியைக் கண்டால் மட்டும் ஆச்சிக்கு முகம் மலரும். தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்து வைப்பார். வருகிறவர்களிடம், அன்றைக்கு இவன் பட்டு வைத்துத் தராமல் இருந்தால் நான் தாகத்திலேயே போயிருப்பேன் என்பார். வேட்டியை வாங்கி வந்து அவர் மாடத்தியிடம் கொடுப்பார். உடுத்தியதில்லை. மாடத்தி சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் சத்தம் கேக்கத் தண்ணி குடிக்கக்கூடாது. எங்க மக தங்கபுஷ்பம் சின்னப் பிள்ளைல மடக்கு மடக்குன்னு குடிச்சா, இவுக எந்திரிச்சி வெளிய போயிருவாவ. என்ன ஏதுன்னு கேட்டா சொன்னாத்தான."

நான் அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். ராயகிரி வட்டாரத்தில் எங்கள் ஜனத்தில் முதல் பி.எஸ்ஸி. நான். ரசாயனம். பஸ் ஏற்றிவிட வந்த என் அப்பா, டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்வதற்கு முன்னால், பையன் பி.எஸ்ஸி. என்றுதான் சொன்னார். எனக்குத் தண்ணீர் சோதிக்கிற வேலை. கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விடவேண்டும். மஞ்சள் நிறம் வந்தால் ப்ளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கிறது, குடிக்கலாம் என்று பொருள். நிறம் வராவிட்டால் ஆபத்து. அதோடு, வாசலுக்கு வாசல் போய் ஜனங்களுக்கு விளக்கமும் சொல்லவேண்டும். என் கூட வர மாடக்கண்ணு அண்ணாச்சியைப் போட்டார்கள். எந்தத் தெருவில் தண்ணீரை நிறுத்தினாலும் அவர் அங்கிருக்கும் குழாயில் காதை வைப்பதைப் பார்த்து, லேசாக மரை கழன்றவர் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். தெருவிலும், குழாய்க்கு நாடி பார்க்கிறார் வைத்தியர் என்று கேலி பேசினார்கள்.

விளக்கம் சொல்ல நானே ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீளமான ரப்பர் குழாயில் நடுவே ஊசியால் துளை போட்டு, அந்த இடத்தை மஞ்சள் கரைத்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் முக்கிவைப்பேன். ஒரு முனை மேலே வாளியில். மறு முனை கீழே. நல்ல தண்ணீர் ஓடும்போது கீழே நல்ல தண்ணீரே வரும். மேல்முனையை விரலால் அடைத்தால், கீழே வடிகிற தண்ணீர் துளை வழியாக மஞ்சளை உள்ளே இழுக்கும். மறுபடி விரலை எடுத்தால் முதலில் வருவது மஞ்சள் தண்ணீர். ஆகவே ஜனங்களே, முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுங்கள். போகிற இடமெல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தெப்பத்தெருவில் அதைச் செய்யவேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தார். படிக்காதவர், பொறாமை என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

வல்லிநாயகம் பிள்ளை வீட்டுக் கொல்லை முற்றத்தில் கடை விரித்தேன். பிள்ளை நாற்காலியில் இருந்தார். நாச்சியார் ஆச்சி நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அண்ணாச்சி கிணற்றடியை விட்டு வரவில்லை. விரலை எடுத்ததும் வெள்ளைப் பீங்கானில் மஞ்சள் கொட்டியது. ஆச்சி நிலைப்படியை விட்டு இறங்கி வந்தார்.

"இந்த ஊசி ஓட்டை நம்ம தெருவுல எங்கன இருக்கும் தம்பி?"

"எங்கயும் இருக்கலாம் ஆச்சி. முக்கியமா வால்வுக்குழியில. அடைப்பு நல்லா இல்லேன்னா சாக்கடையை இழுத்துக்கிடும்."

"தோல் வச்சு அடைச்சா?"

"தோல் நல்லது. தண்ணியில ஊறி உப்பி, இறுக அடைச்சுக்கிடும்."

"பட்டு வச்சா?"

நான் சிரித்தேன். முற்றம் முழுக்கக் கேட்கச் சிரித்தேன்.

"வால்வுக்கு யாராச்சும் பட்டுக் கட்டுவாங்களா ஆச்சி? ரெண்டு மழைக்கு அழுகிப்போகும். அப்புறம் தெருவே சாக்கடையைத்தான் குடிக்கணும்."

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. கிணற்றடியைப் பார்த்தார். அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். ஆச்சி பாவாடை தடுக்கிய சின்னப்பெண் போல ஒரு தடவை தடுமாறி, நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாமான்களைக் கட்டினேன். என்ன தப்பாகிவிட்டது என்றே எனக்குத் தெரியவில்லை.

தெரு முனையில், அந்த வால்வுக்குழி மூடிமேல் உட்கார்ந்துதான் அண்ணாச்சி எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, பாதிதான் ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது என்றார். மீதியைத் தானே சொல்லவேண்டும் என்றும், மறுநாள் காலை நானும் கூட வந்து, அவர் சொல்வதில் தப்பு இருந்தால் திருத்தவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எனக்குப் போக மனமில்லை. ஆனால் போனேன்.

மறுநாள் காலை அவர் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு நேராக அந்த வீட்டுக்கு வந்தார். ஆச்சி கூடத்துத் தூணடியில் உட்கார்ந்திருந்தார். உறங்கியவராகத் தெரியவில்லை. அண்ணாச்சி டப்பாவைத் திறந்து அவர் முன்னால் தரையில் வைத்தார். கறுத்துப்போன சரிகை நூல்கள்.

"வால்வுல இப்ப தோல்தான் இருக்கு ஆச்சி. பிள்ளை போன மூணாம் நாளே மாத்திட்டேன். அஞ்சு வருசமா நீங்க குடிக்கது தோல் பட்ட தண்ணிதான்."

ஆச்சி சரிகையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"நான் கேட்டன்னைக்கு, முடியாதுன்னு நீ சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

"வால்வுல தோல் இருக்குன்னு எங்கிட்ட சொல்லாமலாவது இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் ஆச்சி."

அவ்வளவுதான். திட்டுவார், மண் வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துத்தான் அண்ணாச்சி நின்றார். அப்படிச் செய்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆச்சி கையை ஊன்றி எழுந்தார். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தம்பியின் பக்கத்தில் போய் நின்றார். ஐந்து வருஷத்தில் முதல் வார்த்தை அதுதான்.

"தம்பி, காப்பி குடிச்சியா?"

வல்லிநாயகம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, ஐம்பது வயது ஆண்பிள்ளை, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் அந்தத் தெருவிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்ததால், முடியவில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. தினமும் காலை ஒன்பதுக்கு ஆச்சி கொல்லைக் குழாயடிக்கு வந்து உட்காருவார். கையில் பித்தளைச் செம்பு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். குழாய் வாய் தண்ணீருக்குள் முங்கும்படி செம்பை ஏந்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். தெருவில் தண்ணீர் நிற்கும். குழாய் மூச்சு இழுக்கும். செம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காலியானதும் செம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போவார். வாய் ஏதோ முணுமுணுக்கும். ஒரு நாள் கொல்லைச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது.

"மெல்லக் குடி. விக்கப் போகுது."

நான் அறிவியல் படித்தவன். குழாயில் தண்ணீர் வடிந்து இறங்கும்போது வெற்றிடம் உண்டாகிறது, அது உறிஞ்சுகிறது, மேட்டு வீடானதால் கூடுதலாக உறிஞ்சுகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். குழாய்க்குள் வெளித்தண்ணீரை விடக்கூடாது என்பதும் விதி. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"காய்ச்சுன தண்ணிதானே சார்?"

"ஆமா."

"அப்ப விட்டுருங்க."

அதன் பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மற்றத் தெருக்களில் சாவியை நாலு வீச்சில் திருகி மூடிவிடுகிறவர், தெப்பத்தெரு வால்வை மட்டும் மெல்ல மெல்ல மூடுவார். பத்து நிமிஷம் ஆகும். சட்டென்று மூடினால் குழாய் ஒரே இழுப்பாக இழுத்து, செம்புத் தண்ணீர் தாழ்ந்து, காற்றுப் புகுந்து நின்றுவிடும். மெல்ல மூடினால் செம்பு முழுதும் குடிக்கும். ஆச்சியிடம் அவர் பேசுவதில்லை. ஆச்சியும் அவரிடம் பேசுவதில்லை. தீபாவளி வேட்டியும் நின்றுபோயிற்று. தெருவின் ஒரு முனையில் அவர் சாவியோடு, மறு முனையில் ஆச்சி செம்போடு. நாலு வருஷம் இந்தக் காரியம் ஒரு நாள் தவறவில்லை.

நான் எழுதிய முதல் ரிப்போர்ட் தெப்பத்தெரு வால்வுக்குழியைப் பற்றித்தான். சாக்கடை மட்டத்துக்குமேல் செங்கல் கட்டி உயர்த்தவேண்டும் என்று படம் போட்டு எழுதினேன். ஒன்றரை வருஷத்தில் கட்டினார்கள். பிறகு மற்றத் தெருக்களிலும் கட்டினார்கள். ஊருக்குப் போனபோது அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். ரிப்போர்ட்டில் பட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அறுபத்தாறு மார்கழியில் நாச்சியார் ஆச்சி காலமானார். வல்லிநாயகம் பிள்ளை வீட்டைப் பூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் உறவுக்காரர்களோடு தங்கப் போய்விட்டார். முற்றத்தில் புல் முளைத்தது. கொல்லைக் குழாயை நானே சுவரேறிப் போய் மூடிவிட்டு வந்தேன்.

அறுபத்தெட்டு ஆனியில் மாடக்கண்ணு அண்ணாச்சி வேலையிலிருந்து நின்றார். அவர் இடத்துக்கு வந்தவன் சங்கிலிப்பாண்டி. நல்ல வேலைக்காரன், இருபத்தைந்து வயது. கடைசி நாள் காலை அவனைத் தெருத் தெருவாகக் கூட்டிப் போய் வால்வுகளைக் காட்டினார். நானும் கூடப் போனேன். தெப்பத்தெருவுக்கு வந்தபோது மணி ஒன்பது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி சாவியை வாங்கி ஒரே வீச்சில் அரைச்சுற்றுத் திருகினான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெல்ல மூடுலே. இங்கன மட்டும் எப்பவும் மெல்லத்தான் மூடணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"மேட்டு வீட்டுல இன்னும் குடிச்சு முடிக்கல."

சங்கிலிப்பாண்டி தெருவின் மேட்டுக்கடைசியைப் பார்த்தான். பூட்டிய கதவும், வாசலில் நெருஞ்சியும். பிறகு, இவருக்கு என்ன என்பது போல் என்னைப் பார்த்தான். கொல்லைக் குழாயை இறுக மூடிவிட்டு வந்தவன் நான். ஆனாலும் அப்போது எனக்கும் அந்த உறிஞ்சல் கேட்டது.

"மெல்லவே மூடுப்பா," என்றேன்.